தணிகைமலையும் தாய்மாரின் கோடைப் பயணமும்

ஆந்திர எல்லையை ஒட்டி நிற்கும், தணிகை என்றும் வழங்கும் திருத்தணி, முருகனின் அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகப் போற்றப்படும் மலைத்தலம். அதன் வரலாற்றை எழுதியவர்கள் கல்வெட்டு, செப்பேடு, புராணம், திருப்புகழ் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு மன்னரையும் புலவரையும் அடியாரையும் பற்றி எழுதியுள்ளனர். அந்த வரலாறுகளில் இடம்பெறாத ஒரு வழக்கமும் அங்கே உண்டு: பங்குனி முடிந்து சித்திரை பிறந்ததும், பள்ளி விடுமுறையிலிருக்கும் சிறு மகன்களைக் கையில் பிடித்துக்கொண்டு தாய்மார் மேற்கொள்ளும் பயணம். வட ஆர்க்காடு, செங்கற்பட்டு, சித்தூர் மாவட்டங்களிலும் சென்னை நகரிலும் வாழ்ந்த குடும்பங்களில் பல தலைமுறைகளாக நிலைத்துவந்த இப்பயணத்தை வழிபாடு என்று மட்டும் கொண்டால் அதன் பாதி விடுபட்டுப் போகும். உல்லாசம் என்று மட்டும் கொண்டாலும் அப்படியே. காரணமின்றி வீட்டைவிட்டு வெளியேறும் உரிமை பெண்களுக்கு இல்லாதிருந்த சமூகத்தில், பிள்ளைக்காகச் செய்துகொண்ட வேண்டுதலே அவர்களுக்குப் பயண அனுமதியாக அமைந்தது என்பதும், அந்த அனுமதியின் நிழலில்தான் ஒரு நாளோ இரு நாளோ தம் பிள்ளைகளோடு தம் விருப்பப்படி கழிக்கும் பொழுது அவர்களுக்குக் கிடைத்தது என்பதும் இவ்வழக்கத்தின் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோர்க்குப் புலனாகும்.

மன்னர் வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மலையின் கீழே நந்தியாற்றங்கரையில் உள்ள வீரட்டானேசுவரர் கோயில், பல்லவ மன்னன் அபராசிதவர்மன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நம்பி அப்பி என்பவரால் கற்றளியாக, அதாவது முழுவதும் கருங்கல்லால், எடுக்கப்பட்டது. திருத்தணிக்கு அருகிலுள்ள வேலஞ்சேரியில் 1970களில் கிடைத்த செப்பேடுகள் பல்லவ, சோழ மன்னர்களின் கொடைகளைத் தெரிவிக்கின்றன. 15ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அருணகிரிநாதர் இத்தலத்தின்மேல் பல திருப்புகழ்ப் பாடல்களைப் பாடினார். 18ஆம் நூற்றாண்டில் இவ்வூரிலேயே பிறந்த கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணத்தை இயற்றினார். கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையை இம்மலையில் பாடினார் என்பதும், முதியவர் வடிவில் வந்த முருகன் அவர் வாயில் கற்கண்டை இட்டதே அதற்குக் காரணம் என்பதும் இசையுலகம் போற்றிவரும் மரபு. பெரும்புலவரின் வாழ்விலும் தெய்வம் குழந்தைக்குத் தின்பண்டம் கொடுக்கும் பெரியவராகத் தோன்றுவது இத்தலத்தின் இயல்புக்குப் பொருந்துவதாகவே உள்ளது.

அந்த இயல்பு பழைமையானது. சங்க நூல்களுள் ஒன்றான திருமுருகாற்றுப்படை, முருகன் உறையும் இடங்களைச் சொல்லி வரும்போது, குன்றுதோறாடல் என்ற பகுதியில், மலைவாழ் மக்களோடும் மகளிரோடும் கூடி ஆடும் முருகனைக் காட்டுகிறது; குன்றுகள் தோறும் நிகழும் அந்த ஆடலுக்குத் திருத்தணியையே தலைமையிடமாகப் பிற்கால மரபு கொண்டது. திருச்செந்தூரில் சூரனோடு போர்புரிந்த முருகன் இங்கே சினம் நீங்கி அமைதி கொண்டான் என்பது தலபுராணக் கருத்தாகலின், பிற முருகன் கோயில்களில் கந்த சஷ்டியின்போது நிகழும் சூரசம்ஹாரம் இக்கோயிலில் நிகழ்வதில்லை. அதற்கு மாறாக இறைவனுக்கு மலர் சொரியும் புஷ்பாஞ்சலியே நடைபெறுகிறது. போரை விட்டு வந்த தெய்வமும் வள்ளியை மணந்த மணமகனும் குழந்தை வடிவில் கொஞ்சப்படும் குமரனும் ஒன்றாகும் இம்மலை, பிள்ளைகளை அழைத்து வரும் தாய்மாருக்கு அச்சம் தராத தெய்வத்தின் வீடாகத் தோன்றியதில் வியப்பில்லை.

தாய்மாரின் பயணத்துக்குக் கல்வெட்டுச் சான்று கிடையாது. ஆயினும் வேறொரு வகைச் சான்று ஏராளமாகக் கிடைக்கிறது. அது ஆண் மக்களின் பெயர்களில் உள்ளது. தணிகாசலம், தணிகைவேல், தணிகைமலை, செங்கல்வராயன் எனத் தணிகை முருகனை நினைவூட்டும் பெயர்கள் தமிழகத்தின் வட மாவட்டங்களிலும் சென்னையிலும் மிகுதியாகவும் காவிரிக்குத் தெற்கே அருகியும் வழங்குவதை எவரும் காணலாம். திருப்புகழ் ஏடுகளைத் தேடித் திரட்டி 1890களில் அச்சேற்றத் தொடங்கிய வ. த. சுப்பிரமணிய பிள்ளை தம் மகனுக்குச் செங்கல்வராயன் என்று பெயரிட்டார். அம்மகனே பிற்காலத்தில் தணிகைமணி என்ற சிறப்புப் பெயரோடு திருப்புகழுக்கு உரை கண்ட வ. சு. செங்கல்வராய பிள்ளை (1883–1972). புகழ்பெற்ற இக்குடும்பத்தில் தந்தையின் பக்தி பெயருக்குக் காரணமாயிற்று. பெயரறியப்படாத எண்ணற்ற குடும்பங்களிலோ, மகப்பேறு வேண்டியோ பிறந்த பிள்ளை பிழைக்க வேண்டியோ ஒரு தாய் செய்த வேண்டுதலே பிள்ளையின் பெயராக நிலைத்தது. பள்ளிப் பதிவேட்டிலும் வாக்காளர் பட்டியலிலும் இன்றும் வாசிக்கத்தக்க அந்தப் பெயர்களை, தாய்மார் எழுதிவைத்த வரலாறு என்றே கருதலாம்.

வேண்டுதல் என்பது தெய்வத்திடம் ஒன்றைக் கேட்டு, அது நிறைவேறினால் இன்னது செய்வதாக வாக்களிப்பது. அவ்வாக்கை நிறைவேற்றும் செயல் நேர்த்திக்கடன் எனப்படும். பிள்ளைக்கு அம்மை போட்டாலோ காய்ச்சல் இறங்காவிட்டாலோ, தாய் ஒரு காசை மஞ்சளில் நனைத்த துணியில் முடிந்து பூசையறையிலோ வீட்டுத் தூணிலோ கட்டிவைத்து, பிள்ளை எழுந்து நடந்ததும் தணிகைக்கு வந்து முடி இறக்குவதாக வேண்டிக்கொள்வாள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 200 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன்னே இறந்தன என்பதை நினைவில் கொண்டால்தான் அந்த மஞ்சள் முடிச்சின் கனம் விளங்கும். அது குடும்பத்தில் எவராலும் மறுக்க இயலாத கடன். தெய்வத்துக்குக் கொடுத்த வாக்கைத் தள்ளிப்போடுவது பிள்ளைக்கு ஆகாது என்ற அச்சம் மாமியாருக்கும் கணவனுக்கும் உண்டு. ஆகவே, அங்காடிக்குப் போவதற்கும் பிறந்த வீட்டுக்குப் போவதற்கும் பிறரிடம் கேட்டு நிற்க வேண்டியிருந்த பெண், தணிகைக்குப் போக வேண்டும் என்று சொல்லும்போது மட்டும் கேட்பவளாக அல்லாமல் நினைவூட்டுபவளாக இருந்தாள். இந்த நிலைமாற்றமே இவ்வழக்கத்தின் உயிர்நிலை.

முடி இறக்குதல், அல்லது மொட்டையடித்தல், குழந்தையின் பிறவி முடியை முதன்முதலாக மழித்துத் தெய்வத்துக்குக் கொடுப்பது. ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படை வயதில் இதைச் செய்வது பெருவழக்கு. இதனோடு சேர்த்தோ பின்னரோ காது குத்துவதும் உண்டு. இரண்டிலும் குழந்தையைத் தன் மடியில் இருத்திக்கொள்ளும் உரிமை தாயின் உடன்பிறந்தானாகிய தாய்மாமனுக்கே உரியது. புதுத்துணியும் சீரும் கொண்டு அவன் வந்தாக வேண்டும் என்பதனால், வேற்றூரில் வாழ்க்கைப்பட்ட பெண் தன் அண்ணன் தம்பியரையும் பெற்றோரையும் மலையடிவாரத்தில் ஒருசேரக் காணும் வாய்ப்பு இச்சடங்கினால் உறுதியாயிற்று. கணவன் வீட்டாரின் உணவு, உறக்கம், வேலை ஆகியவற்றுக்கு இடையே கிடைக்காத பொழுது இங்கே கிடைத்தது. மலைக்கு வந்தது மகனின் முடிக்காக என்று ஊர் அறியும். தாய் தன் தாயின் மடியில் தலைசாய்க்க வந்தாள் என்பதை அவ்விருவர் மட்டுமே அறிவர்.

முடி மழித்தவர் மருத்துவர், அம்பட்டர், நாவிதர் எனப் பல பெயர்களால் அழைக்கப்பட்ட சமூகத்தினர். அச்சமூகத்துப் பெண்களே தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவச்சியராக இருந்தனர் என்பதைச் சேர்த்து நோக்க வேண்டும்: குழந்தையை இவ்வுலகுக்கு எடுத்த கையும் அதன் முதல் முடியை எடுத்த கையும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. தாய்மையின் இந்த இரு நிலைகளிலும் துணைநின்ற அவர்களுக்குச் சமூகம் அளித்த மதிப்பு அவர்களது பணிக்குச் சற்றும் ஈடாகவில்லை. மழித்த தலையில் குளிர்ச்சிக்காகச் சந்தனம் பூசப்பட்டது. சிறுவர்கள் முதலில் அழுவதும் பின்னர் ஒருவர் தலையை ஒருவர் தடவிச் சிரிப்பதும் அடிவாரத்தின் அன்றாடக் காட்சி. இக்கோயிலில் மூலவருக்குச் சாத்திய சந்தனம் தனிச் சிறப்புடையதாகக் கருதப்பட்டு, அதை நீரில் கரைத்து நோய் தீர உட்கொள்ளும் வழக்கமும் நிலவுகிறது. நோயுற்ற பிள்ளைகளின் பொருட்டு வந்த தாய்மார் சிறு பொட்டலமாக அதை வீட்டுக்கு எடுத்துச் சென்றனர்.

இப்பயணம் கோடையில் அமைந்தது ஏன் என்ற வினாவுக்கு ஒற்றை விடை கிடையாது. வானிலை அறிக்கைகளில் தமிழகத்தின் வெப்பம் மிகுந்த ஊர்களுள் ஒன்றாக ஆண்டுதோறும் இடம்பெறுவது திருத்தணி. சித்திரை, வைகாசி மாதங்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது அங்கே இயல்பு. சுற்றிலும் பாறைக் குன்றுகள் நிற்க, பகலெல்லாம் வெயிலை உண்ட கல் இரவிலும் அனல் கக்கும். கோயிலின் பெருவிழாவாகிய ஆடிக் கிருத்திகையோ சூலை, ஆகத்து மாதங்களில் வருவது. மலர்க்காவடிகளும் சரவணப் பொய்கைத் தெப்பமும் கொண்ட அவ்விழா ஆண்களின் காவடிக் குழுக்களும் பெருங்கூட்டமும் நிறைந்ததாகலின், கைக்குழந்தையோடும் ஓடியாடும் சிறுவரோடும் வரும் பெண்ணுக்கு உகந்ததன்று. சித்திரையில் பிரம்மோற்சவம் எனப்படும் பத்து நாள் விழாவும் தெய்வயானை திருக்கல்யாணமும் உண்டு. மாசி விழாவில் வள்ளி திருக்கல்யாணம். உழவர் வீடுகளில் தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்தபின், ஆடி மழைக்கு நிலம் திறக்கும்வரை கையில் சிறிது காசும் ஓய்வும் இருக்கும் காலம் பங்குனியும் சித்திரையுமே. கடன் தீர்ப்பதற்கு, தெய்வக்கடன் உட்பட, அக்காலமே ஏற்றது.

உழவின் ஓய்வோடு பள்ளியின் ஓய்வும் வந்து பொருந்தியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த மாற்றம். ஆங்கிலேய அலுவலர்கள் சென்னையின் வெயிலுக்கு அஞ்சி நீலகிரிக்கு ஓடினர். 1870 முதல் மாகாண அரசே கோடைதோறும் உதகமண்டலத்துக்கு இடம் மாறியது. நீதிமன்றமும் பள்ளியும் கல்லூரியும் அதே பருவத்தில் மூடப்பட்டன. வசதியுள்ள இந்தியக் குடும்பங்கள் சிலவும் அவர்களைப் பின்பற்றி உதகைக்கும் கோடைக்கானலுக்கும் சென்றன. எழுத்தர், ஆசிரியர், சிறு வணிகர், நெசவாளர் ஆகியோரின் வீடுகளில் விடுமுறை மட்டும் வந்தது; குளிர்மலை வரவில்லை. அவர்களது பெண்கள் அந்த விடுமுறையை, தம் பாட்டிமார் அறிந்திருந்த வேண்டுதல் மலைக்கு எடுத்துச் சென்றனர். ஆட்சியாளரின் கோடை மலை உடலின் சுகத்துக்காகவும், இவர்களது கோடை மலை கடனுக்காகவும் தெரிவு செய்யப்பட்டவை என்பது மேலோட்டமான வேறுபாடே. மலைமேல் நின்று கீழே ஊரைப் பார்க்கும் சிறுவனின் களிப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

இவ்வழக்கத்தைப் பெருக்கியது புகைவண்டி. தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856 சூலை 1 அன்று சென்னை இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பகுதியாகிய வாலாசா சாலை வரை திறக்கப்பட்டது. அப்பாதையில் அரக்கோணத்தில் பிரிந்து வடமேற்கே செல்லும் பாதை, திருத்தணி, ரேணிகுண்டா, கடப்பை வழியாக நீண்டு, 1871இல் இராய்ச்சூரில் பம்பாய்ப் பக்கத்திலிருந்து வந்த பாதையோடு இணைந்தது. பம்பாயையும் சென்னையையும் இணைப்பதற்காகப் போடப்பட்ட தண்டவாளம் போகிற வழியில் தணிகை மலையின் அடியைத் தொட்டுச் சென்றது. அதனால், மாட்டுவண்டியில் இரண்டு மூன்று நாள் பிடித்த சென்னை–திருத்தணிப் பயணம், ஏறத்தாழ 85 கிலோமீட்டர், சில மணி நேரத்தில் முடியலாயிற்று. வண்டிமாட்டையும் துணைக்கு ஆடவரையும் பல நாள் திரட்ட வேண்டிய நிலை மாறி, ஒரு பெண் தன் மாமியாருடனோ அண்டை வீட்டுப் பெண்ணுடனோ விடியலில் புறப்பட்டு மறுநாள் வீடு திரும்பத்தக்க தொலைவாக மலை அருகில் வந்தது.

அதனினும் குறிப்பிடத்தக்கது சட்டம் செய்த உதவி. 1890ஆம் ஆண்டின் இந்திய இரயில்வே சட்டம் தன் 64ஆம் பிரிவில், 1891 சனவரி 1 முதல் ஒவ்வொரு பயணிகள் வண்டியிலும் மிகக் குறைந்த வகுப்பில் ஒரு பெட்டி அறையேனும் பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும் என்றும், வண்டி 50 மைலுக்கு மேல் செல்வதாயின் அத்தகைய அறை ஒன்றில் கழிப்பிடம் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. மூன்றாம் வகுப்பின் நெரிசலும் அழுக்கும் அக்காலச் செய்தித்தாள்களில் ஓயாமல் கண்டிக்கப்பட்டவை. பெண்கள் அறையும் அவற்றுக்கு விலக்கன்று. ஆயினும் அயல் ஆடவர் நுழையக்கூடாத, தாயோடு அவளது சிறு பிள்ளைகள் மட்டும் ஏறத்தக்க ஓர் இடத்தைச் சட்டமே வரையறுத்துத் தந்ததனால், பெண்களைத் தனியே அனுப்பத் தயங்கிய குடும்பங்களுக்கு ஒரு சமாதானம் கிடைத்தது. சிறுவருக்கு அரைக்கட்டணம் என்பதனால் இரண்டு மகன்களை உடனழைத்துச் செல்லும் செலவும் தாங்கத்தக்கதாயிற்று. பெண்ணுரிமையை எண்ணி இருப்புப்பாதை போடப்படவில்லை. சரக்கும் படையும் வேகமாகச் செல்லவே அது போடப்பட்டது. எனினும் அதில் ஏறி அமர்ந்தவர்கள் அதைத் தமக்குரியதாக ஆக்கிக்கொண்டனர்.

பயணத்தின் பெரும்பகுதி சோற்று மூட்டையில் இருந்தது. புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கெட்டுப்போகாமல் ஒரு நாள் தாங்குவன. தயிர்ச்சோறு காலையிலேயே தீர்ந்துவிட வேண்டும். அவற்றை வாழையிலையில் பொதிந்து துணியில் கட்டுவதே கட்டுச்சோறு. திருகுமூடி கொண்ட பித்தளைக் கூஜாவில் குடிநீர். அரக்கோணத்தில் வண்டி நிற்கும்போது நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும் சன்னல் வழியே வாங்கப்பட்டன. நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கம் மாந்தோப்புகள் மிகுந்த நிலமாகலின், வைகாசியில் திரும்பும் வண்டி மாம்பழ மணத்தோடு வந்தது. சுவைக்காக மட்டும் இவை சொல்லப்படவில்லை. அடுப்படியில் பிறர் உண்டபின் உண்ணும் பெண், தன் பிள்ளைகளோடு எதிரெதிரே அமர்ந்து ஒரே பொதியிலிருந்து உண்ணும் நேரம் ஆண்டில் எத்தனை முறை வாய்த்தது என்று எண்ணிப் பார்ப்போர்க்குக் கட்டுச்சோற்றின் வரலாற்று முக்கியத்துவம் விளங்கும்.

நிலையத்திலிருந்து அடிவாரத்துக்குக் குதிரை பூட்டிய ஜட்காவிலோ நடந்தோ சென்றவர்கள், சரவணப் பொய்கை என்றும் நல்லாங்குளம் என்றும் வழங்கும் குளத்தைச் சுற்றியிருந்த மடங்களிலும் சத்திரங்களிலும் தங்கினர். மடம் என்பது ஈண்டுத் துறவியர் உறைவிடம் என்ற பொருளை மட்டும் தருவதன்று. ஒரு சாதியாரோ ஓர் ஊராரோ தம்மவர் தங்குவதற்குக் கட்டிவைத்த விடுதியும் மடமே. முன்பின் அறியாத ஊரில் தம்மவர் மடம் இருப்பது பெண்களுக்குப் பாதுகாப்பாயிற்று; அதே ஏற்பாடு, மடம் இல்லாத சாதியாரைக் குளக்கரை மரத்தடியில் விட்டது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட சமூகங்களுக்குச் சென்னை மாகாணக் கோயில்களின் வாயில்கள் சட்டப்படி முழுமையாகத் திறந்தது 1947இன் ஆலயப் பிரவேசச் சட்டத்தினால்தான். அதற்கு முன் அச்சமூகத்துத் தாய்மார் செய்த வேண்டுதல்கள் மற்றவரின் வேண்டுதல்களினும் எவ்வகையிலும் குறைந்தவையல்ல.

குளத்தில் நீராடிய பின், வெயில் ஏறுமுன் மலையேற வேண்டும். அடிவாரத்திலிருந்து கோயிலுக்குச் செல்லும் படிகள் ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 என்பது மரபு. படிகளை உரக்க எண்ணிக்கொண்டே ஏறுவதும், நடுவில் எண்ணிக்கை தவறி அண்ணனும் தம்பியும் வழக்காடுவதும், இடைமண்டபத்தில் தாய் மூச்சு வாங்க அமரும்போது அவ்வழக்கு அவளிடம் வருவதும் தலைமுறைகள் கடந்த விளையாட்டு. எண் கற்கத் தொடங்கிய வயதில் முந்நூறுக்கு மேல் எண்ணும் வாய்ப்பைப் பல பிள்ளைகளுக்கு இம்மலையே முதலில் தந்திருக்கும். இப்படிகளுக்கு ஒரு புதிய விழா 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்டது. ஆங்கிலப் புத்தாண்டு நாளில் இந்திய அலுவலர்கள் மாலையும் எலுமிச்சம்பழமும் கொண்டு வெள்ளைத் துரைகளின் வீடுகளில் காத்து நிற்பதைக் கண்டு மனம் பொறாத வள்ளிமலைத் திருப்புகழ் சுவாமிகள் (1870–1950), அந்நாளில் துரைகளுக்கெல்லாம் துரையாகிய தணிகை முருகனைக் காண வருமாறு அவர்களை அழைத்து, படிதோறும் ஒரு திருப்புகழ் பாடி ஏறும் படித்திருவிழாவைத் தொடங்கினார். அலுவலகத்தின் நாட்காட்டியை ஆண்கள் வழிபாட்டுக்கு மடைமாற்றியது இவ்விழா என்றால், பள்ளியின் நாட்காட்டியைப் பெண்கள் அவ்வாறே மடைமாற்றியது கோடைப் பயணம். முன்னதைத் தொடங்கியவரின் பெயர் போற்றப்படுகிறது. பின்னதைத் தொடங்கியவள் யாரென்று கேட்பதற்கே இடமில்லை.

மலைமேல் பிள்ளைகளை ஈர்ப்பவை பல. பிற முருகன் கோயில்களில் மயில் வாகனம் நிற்கும் இடத்தில் இங்கே யானை நிற்கிறது. அதுவும் சந்நிதியை நோக்காமல் கிழக்கு நோக்கி நிற்பது. தெய்வயானையின் சீதனமாக இந்திரன் தந்த ஐராவதம் பிரிந்தபின் தேவலோகத்தின் வளம் குன்றியதால், அது தன் பழைய வீட்டைப் பார்த்தவாறு நிற்கட்டும் என்று முருகன் அருளினான் என்பது கதை. பிறந்த வீட்டுச் சீராக வந்து, பிறந்த வீட்டின் திசையைப் பார்த்து நிற்கும் அந்த யானையின் கதையைத் தன் மகனுக்குச் சொல்லும் பெண்ணின் குரலில் அவளது சொந்த வாழ்வும் கலந்திருக்கும் என்று கொள்வது மிகையாகாது. இந்திரன் வளர்த்ததாகச் சொல்லப்படும் நீலோற்பலம், அதாவது கருங்குவளை மலர், பூத்த சுனையும் மலையில் உண்டு. மேற்கிலும் வடக்கிலும் தெரியும் நகரி மலைத்தொடரும், கீழே எறும்புபோல் ஊரும் புகைவண்டியும், படியோரக் கடைகளின் பொரியும் மரப்பொம்மையும் ஊதுகுழலும் சேர்ந்தே சிறுவர்களின் தணிகை.

இங்கே மகன்கள் என்று மீண்டும் மீண்டும் சொல்லப்படுவதற்குக் காரணம் உண்டு. பெண் குழந்தைகளுக்கும் முடி இறக்கினர், காது குத்தினர். ஆயினும் ஆண் மகவு வேண்டிச் செய்த வேண்டுதல்களே மிகுதி என்பதும், சிறுமி சற்று வளர்ந்ததும் வீட்டுக்காவலும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவள்மேல் விழுந்தன என்பதும் உண்மை. தாய்க்குப் பயண அனுமதி வாங்கித் தந்தவன் மகன்; மகளால் அது எளிதில் இயலவில்லை. இவ்வழக்கத்தைப் பாராட்டும் எவரும் அதன் உள்ளிருக்கும் இந்த அநீதியையும் சேர்த்தே எழுத வேண்டும்.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் இம்மலை எந்த நாட்டுக்கு உரியது என்ற வினா எழுந்தது. கார்வேட்டிநகர ஜமீனின் ஆளுகையில் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த திருத்தணிப் பகுதி, 1911இல் புதிதாக அமைந்த சித்தூர் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. மொழி வேறுபாடு அங்கே மக்களைப் பிரித்திருக்கவில்லை; ஒரே வீட்டில் மாமியார் தெலுங்கும் மருமகள் தமிழும் பேசுவது இப்பக்கத்தில் புதுமையன்று. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனோடு போயிற்று. அதற்கு முன்பே ம. பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகமும், அப்பகுதியில் தமிழ்க் கல்விக்கு நெடுங்காலம் உழைத்த மங்கலங்கிழாரும் வடக்கெல்லைப் போராட்டத்தைத் தொடங்கியிருந்தனர். எல்லைச் சிக்கலில் நடுவராக இருந்த படாஸ்கர் அளித்த தீர்ப்பின்படி 1959இல் எல்லைமாற்றச் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தில், செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் உருவானபோது அதன் பகுதியாயிற்று.

அந்த ஆறரை ஆண்டுகள் சென்னையிலிருந்து வந்த தாய் வேற்று மாநிலத்துக்கு மகனை அழைத்துச் சென்றாள். 1960க்குப் பின் நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வந்த தாய்க்கு அந்நிலை ஏற்பட்டது. கோடு மாறியபோதும் கொள்வினை கொடுப்பினை மாறவில்லை. மடியில் இருத்தும் தாய்மாமன் எல்லைக்கு அப்பாலிருந்து வருவதும், தமிழில் எண்ணத் தொடங்கிய படிகளை மாமன் மகன் தெலுங்கில் எண்ணி முடிப்பதும் இன்றும் காணத்தக்கவை. ஆந்திரப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஜூன் இரண்டாம் வாரம் வரை நீள்வதனால், தமிழகப் பள்ளிகள் திறந்த பின்னும் மலையில் சிறுவர் கூட்டம் ஓய்வதில்லை. இம்மலையின் ஆட்சியைக் குறித்து நிகழ்ந்த போராட்டம் தேவையானதே. தமிழ்ப் பள்ளிக்கும் தமிழ் அலுவலகத்துக்கும் அது வழிவகுத்தது. ஆனால் எல்லையின் இரு புறத்தையும் ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூட்டிவைத்த வேலையைச் செய்தவர்கள் பெண்களே.

பிந்தைய மாற்றங்கள் விரைவானவை. மலைமேல் வரை வாகனச் சாலை அமைந்தது; புறநகர் மின்சார வண்டிகள் திருத்தணி வரை நீண்டன; திருத்தணியைப் பார்த்து அன்றே திருப்பதிக்கும் செல்லும் பயணங்கள் பெருகின. மருத்துவமும் தடுப்பூசியும் குழந்தை இறப்பைப் பெரிதும் குறைத்தபின், மஞ்சள் துணியில் முடிந்த காசின் அச்சம் தளர்ந்து, பிள்ளையின் தேர்வு முடிந்ததற்கும் புதுவண்டி வாங்கியதற்கும் மலையேறுவோர் மிகுந்தனர். 2021இல் தமிழக அரசு, இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்ததோடு, முடி இறக்கும் தொழிலாளருக்கு மாத ஊக்கத்தொகையும் வழங்கத் தொடங்கியது. கட்டணச் சீட்டின்மேல் தம் வாழ்வை நடத்திய அத்தொழிலாளரைக் கணக்கில் கொண்டது அவ்வறிவிப்பின் சிறப்பு. அதே ஆண்டில் திருத்தணிக் கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் தொடங்கப்பட்டதால் கட்டுச்சோற்றின் தேவையும் குறைந்தது. அவ்வாண்டு மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம் என்றானபின், அருகூர்களிலிருந்து வரும் தாய் தனக்குப் பணமின்றி அடிவாரம் வரை வந்துவிடுகிறாள். ஐந்து வயதைக் கடந்த மகனுக்கு மட்டும் அரை டிக்கெட் எடுக்கிறாள்.